தாரா மார்க்குக்கு உப்புப் போட்டவர் யார்?

நோன்பு மாதத்தில் துப்பறிவாளர் ஒருவரிடம் உதவியாளனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மூளை அவருடையதாக இருக்கலாம். நாக்கு மட்டும் உதவியாளனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

கஹவத்தை ஹிஷாம் மாஸ்டர் பிள்ளைகளுக்கு வணிகக் கல்வி டியூஷன் எடுப்பவர். பிள்ளைகள் வராத நேரத்தில் ஊரார் களவுகளைத் துப்பறிவார். பிள்ளைகள் அதிகம் வராததால் கஹவத்தையில் களவுகள் வேகமாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்தன. அன்று அவர் விடியலுக்கு முந்திய சஹர் நேரத்திலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்தார். அவருடைய த்ரீவீல் சாரதியும் ஒரே உதவியாளனுமான சதீஸ், வணிகக் கல்வியில் ஒரு தடவைகூடத் தேறாதவன், காலையிலிருந்து மாசிச் சம்பலாகத் தின்றுகொண்டிருந்தான்.

"எப்பிடி ஈக்கி?" என்று கேட்டார் பாறூக் முதலாளி.

சதீஸ் கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கஹவத்தையில உக்காந்தே எனக்குக் கடல் தெரியுதுங்க முதலாளி. அல கூட அடிக்குது."

"பாத்தீங்களா மாஸ்டர்! இதுதான் நான் செல்லுறது. இது எங்கட சரக்கே இல்ல. கள்ளச் சரக்கு!"

பாறூக் முதலாளியின் மேசை நிறையப் போத்தல்கள். எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் தாரா, அதுதான் வாத்து, சிறகை விரித்தபடி சிரித்தது. தாரா மார்க் மாசிச் சம்பல் என்றால் பெல்மதுளை வரைக்கும் பெயர். அந்தப் பெயர் இப்போது பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு என்று தோட்டத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள்.

முதலாளி ஏற்கெனவே கள்ளனைப் பிடித்து வைத்திருந்தார். மாஸ்டரிடம் அவர் கேட்டது சாட்சி மட்டும்தான்.

"விஜயகலா எண்டு ஒருத்தி. எங்கட குசினியில நிண்டவள். நோம்புக்கு முந்தி நிப்பாட்டினேன். இப்ப அவள் தோட்டத்துல தனியா சம்பல் போடுறாள். என்ட லேபலை ஒட்டி, உப்பைக் கொட்டி, என்ட பேரை நாறடிக்கிறாள். மஸ்ஜித் ரோட்டுல என்ட சொந்தக்காரங்கட கடையில ஒரு போத்தல் பிழை எண்டு வந்திச்சா? இல்ல. தோட்டத்துக் கடையில மட்டும் ஏன் வருது? அவள் தோட்டத்துலதானே ஈக்கிறாள்!"

"போத்தல்ல திகதியப் பாத்தா எப்ப அடைச்சது எண்டு தெரியும்தானே?" என்றார் மாஸ்டர்.

முதலாளி தொண்டையைச் செருமினார். அவர் சிக்கனமானவர், சொந்தக்காரர்கள் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். காலாவதித் திகதியை அவர் வருடம் முழுவதற்கும் ஒரே திகதியாக மொத்தமாக அச்சடித்து வைத்திருந்தார். எந்தப் போத்தல் எப்போது அடைத்தது என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

"சரி, அதை விடுங்க. நான் தோட்டத்துத் தொரைக்கு கோல் பண்ணிட்டேன். இவள் சம்பல் போடுற ரூம் தோட்டத்துக்குச் சொந்தம். கள்ளி எண்டு தெரிஞ்சா நாளைக்குக் காலையில ரூம் பூட்டுத் திறப்பை வாங்கிருவேன் எண்டு செல்லிட்டார். நீங்க இண்டைக்கே ஒரு சாட்சி தந்தா போதும்."

சதீஸுக்கு வாயில் இருந்த உப்பு இன்னும் கொஞ்சம் கரித்தது. விஜயகலாவை அவனுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்துப் பெண். காதுத் தோட்டை அடகு வைத்து அடுப்பும் சட்டியும் வாங்கியவள். நாளைக் காலையில் அந்தத் திறப்புப் போனால் அவளுக்குத் தோடும் இல்லை, தொழிலும் இல்லை.

*

த்ரீவீல் தோட்டத்துப் பாதையில் ஏறியது. இரண்டு பக்கமும் இறப்பர் மரங்கள், மேலே தேயிலை. ஹிஷாம் மாஸ்டர் பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பசித்தவன் தூங்குகிறான் என்று நினைத்தால், பசித்த வாத்தியார் பாடம் நடத்தத் தொடங்கினார்.

"சதீஸ், நன்மதிப்பு எண்டா என்ன?"

"கடன் கேட்டா குடுக்கிறது மாஸ்டர்."

"அதுதான் நீ பெயில். ஒரு கடையைக் கட்டடம், சாமான், மேசை, கதிர எல்லாத்துக்கும் வெல போட்டு விக்கலாம். அதுக்கு மேல, 'அந்தக் கடையா, நல்ல கடை' எண்டு சனம் செல்லுது பாரு, அதுக்கும் ஒரு வெல ஈக்கி. கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதுக்குப் பேர்தான் நன்மதிப்பு. கள்ள லேபல் ஒட்டுறவன் அதைத்தான் களவெடுக்கிறான்."

"அப்ப விஜயகலா அதைத்தான் எடுத்துச்சுன்னு சொல்றீங்களா?"

"பால் குடிக்க மாட்டைக் களவெடுத்தவன், அந்த மாட்டுக்கு நஞ்சு வெப்பானா? தாராட பேர்ல நல்ல சம்பலை வித்தா அவளுக்கு இலாபம். உப்பைக் கொட்டினா தாராவும் சாகும், இவட வியாபாரமும் சாகும்."

"பழிவாங்குறதுக்குச் செஞ்சிருக்கலாம்ல?"

"பழிவாங்குறதும் ஒரு செலவுதான்டா. மாசி விக்கிற வெலைக்கு, கறுவத்துக்காக சட்டி சட்டியா சம்பல் போடுற அளவுக்கு அவள்கிட்ட மூலதனம் ஈக்கா?"

சதீஸ் யோசித்தான். மாசிக் கருவாட்டின் விலைக்குப் பழிவாங்குவதென்றால் கொழும்புக்காரர்களால்தான் முடியும் என்று அவனுக்குப் பட்டது.

மேல் டிவிஷன் தொழிலாளர் லயத்துக்கு முன்னால் மூக்கையாவின் கடை இருந்தது. சவர்க்காரம், பாண், நெத்தலி, மூக்கையா என்று எல்லாம் ஒரே வாசனையில் இருந்தன. சம்பலைப் பற்றிக் கேட்டதும் மூக்கையா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ சாமி, பொம்பளைங்க போத்தல மூஞ்சில விட்டெறியாத கொறதான். முந்தி வந்த சூட்டோட போயிரும். காலையில ரொட்டிக்கும் அதான், மலைக்குக் கட்டிக்கிட்டுப் போற சாப்பாட்டுக்கும் அதான். தீரத் தீரப் புதுசு போடுவேன். இப்ப கொஞ்ச நாளா வர்றது எல்லாமே உப்புங்க."

"யார் கொண்டாந்து போடுறது?" என்றார் மாஸ்டர்.

"வேன்காரன். பத்துக் கம்பெனி சாமான் ஒன்னா வருது. எது எங்கேருந்து வருதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

சதீஸுக்கு இன்னொரு கரண்டி கிடைத்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து மூக்கையா தாமாகவே ஒரு குவளைத் தண்ணீர் நீட்டினார். மாஸ்டர் அந்தக் குவளையைப் பார்த்த பார்வையில் ஒரு சோக நாடகமே இருந்தது.

*

விஜயகலாவின் தொழிற்சாலை பழைய பிள்ளை மடுவம். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போக முன்னொரு காலத்தில் கட்டிய அறை. சுவரில் இன்னும் ஒரு யானையும் ஒரு பலூனும் பாதி அழிந்து கிடந்தன. அவற்றுக்குக் கீழே, குள்ளமான சின்னப் பிள்ளை வாங்குகளில் போத்தல்கள் வரிசையாக நின்றன. லேபலில் தாரா இல்லை. 'கலா சம்பல்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"சோதன போட வந்தீங்களா சேர்? போடுங்க," என்றாள் அவள். கையில் வெங்காயம் இருந்ததால் கண்ணீருக்கு எது காரணம் என்று தெரியவில்லை. "ஒரு தாரா லேபல் கெடச்சா நானே தொரைகிட்டத் திறப்பக் குடுத்துர்றேன்."

மாஸ்டர் எதையும் சோதிக்கவில்லை. உயரம் குறைந்த ஒரு வாங்கில், முழங்கால் நாடியில் இடிக்க, உட்கார்ந்தார்.

"பாறூக் நானாட குசினியில உங்கட வேல என்ன?"

"என்ன வேலன்னு சொல்றது? போத்தல் கழுவுவேன், வெங்காயம் உரிப்பேன், வெறகு தூக்குவேன். ஸாஹிரா ராத்தாதான் சட்டிக்குப் பொறுப்பு. நான் எடுபிடி."

"ஏன் நிப்பாட்டினார்?"

அவள் கத்தியை வைத்தாள். இவ்வளவு நேரம் இல்லாத கோபம் இப்போது குரலில் வந்தது.

"செலவக் கொறைக்கணும்னாரு. ஒவ்வொருத்தரும் என்ன செய்யிறாங்கன்னு ஒரு நாள் பூராவும் கதிர போட்டு உக்காந்து பாத்தாரு. அப்புறம் என்னையக் கூப்பிட்டு, 'சட்டியத் தொட்டுத் தொட்டு நக்கிட்டு நிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்'னு எல்லார் முன்னாலயும் கேட்டாரு. ஏழு வருசமா அங்க வேல செஞ்சேன் சேர். அந்த ஒரு பேச்சுக்கு அப்புறம் அவரு வாசப்படிய நான் மிதிக்கல."

"கவலப்படாதீங்க. முதலாளிமார் வாயில சனி, நாக்குல உப்பு," என்றான் சதீஸ். ஆறுதல் சொல்வது அவனுக்கு ஒருபோதும் சரியாக வந்ததில்லை.

ஹிஷாம் மாஸ்டர் மட்டும் எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நோன்பாளியின் முகத்தில் அந்த நேரத்தில் அவ்வளவு வெளிச்சம் வருவது நியாயமில்லை.

"தங்கச்சி, இண்டைக்குப் பொழுதுபட பாறூக் நானாட வீட்டுக்கு வாங்க. ஒரு போத்தல் சம்பலும் கொண்டாங்க. லேபல் வேணா."

"அந்த வாசலுக்கா? வரமாட்டேன்."

"வராட்டி நாளைக்கு இந்த வாசலும் இல்ல," என்றார் மாஸ்டர். அவள் இடுப்பில் செருகியிருந்த திறப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

*

திரும்பும் வழியில் மஸ்ஜித் ரோட்டில் இறங்கினார்கள். முதலாளியின் மச்சான் கடை. தாரா மார்க் போத்தல்கள் தட்டில் அழகாக அடுக்கியிருந்தன. சதீஸ் கரண்டியை வாயில் வைத்தான். இந்தத் தடவை கண்ணை மூடி இன்னொரு கரண்டியும் எடுத்தான்.

"மாஸ்டர், இது சொர்க்கம்! இதான் அசல். அப்ப முதலாளி சொன்னது சரிதான். டவுன்ல அசல், தோட்டத்துல கள்ளச் சரக்கு. கேஸ் முடிஞ்சுச்சு, விஜயகலா போச்சு." சொல்லும்போதே அவனுக்கு மனது கனத்தது.

மாஸ்டர் போத்தலின் தோளில் விரலால் ஒரு கோடு இழுத்தார். தூசியில் கோடு பளிச்சென்று விழுந்தது. கடைக்காரர் வெட்கப்பட்டார்.

"நோம்பு துவங்கினதுல இருந்து சம்பல் ஓடுதில்ல மாஸ்டர். பகல்ல ஆர் பாண் திங்கிறது? எல்லாரும் கஞ்சிக்கும் ரோல்ஸுக்கும் பெய்த்தாங்க. இது எல்லாம் முந்தி வந்த சரக்கு."

"கேட்டியா?" என்றார் மாஸ்டர் வெளியே வந்ததும். "கேள்வி இல்லாத இடத்துல இருப்பு தூங்குது. கேள்வி ஈக்கிற இடத்துல இருப்பு பறக்குது. ஒரு கடையில சரக்கு எத்தன தரம் வந்து வித்துத் தீருது எண்டதுக்கு இருப்புப் புரள்வு எண்டு பேர். இந்தப் பாடத்தை நீ கட் அடிச்சுட்டு படம் பாக்கப் போயிருப்பாய்."

"படம் நல்லா இருந்துச்சு மாஸ்டர். ஆனா இதுல கள்ளன் எங்க இருக்கான்?"

"தோட்டம், டவுன் எண்டு பிரிக்காத. பழசு, புதுசு எண்டு பிரி."

சதீஸ் பிரித்துப் பார்த்தான். தலைதான் சுற்றியது. அது உப்பாலும் இருக்கலாம்.

கடைசியாக முதலாளியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த குசினிக்குப் போனார்கள். சட்டி அப்போதுதான் இறங்கியிருந்தது. ஸாஹிரா ராத்தா, நெற்றி வியர்வையைத் துப்பட்டியால் துடைத்தபடி, போத்தல் நிரப்பிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவளை ஓரமாக அழைத்து ஏதோ மெதுவாகக் கேட்டார். ராத்தா முதலில் முகம் சுளித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு "யா அல்லாஹ்!" என்றாள். கடைசியில் சூடான சட்டியிலிருந்து ஒரு போத்தல் நிரப்பி லேபல் ஒட்டாமல் கொடுத்தாள். சதீஸ் கரண்டியைத் தேடினான்.

"இதை நீ தொடாத," என்றார் மாஸ்டர். "இதுக்கு வேற நாக்கு ஈக்கி."

*

நோன்பு திறக்கும் பாங்கு சொல்ல இன்னும் சற்று நேரம் இருந்தது. முதலாளியின் மண்டபத்தில் பாய் விரித்து, கஞ்சிக் கோப்பைகளும் பேரீச்சம்பழமும் வைத்திருந்தார்கள். வாசலை ஒட்டி, உள்ளே வராமல், விஜயகலா நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஸாஹிரா ராத்தா. பாயின் நடுவில் லேபல் இல்லாத இரண்டு போத்தல்கள்.

"சாட்சி எங்க மாஸ்டர்?" என்றார் முதலாளி.

"நீங்கதான் சாட்சி. தாரா மார்க்கட ருசி உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்? ஒண்டு உங்கட சரக்கு. மத்தது வெளிச் சரக்கு. எது எது எண்டு நீங்களே செல்லுங்க."

"மாஸ்டர், என்ட சம்பலை இருட்டுலயும் நான் கண்டுபிடிப்பேன்!"

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. முதலாளி முதல் போத்தலிலிருந்து ஒரு கரண்டி எடுத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இது! இதுதான் தாரா! மாசி, புளி, உப்பு எல்லாம் அளவோட. நாப்பது வருச அனுபவம் மாஸ்டர், சும்மாவா?"

இரண்டாவது போத்தல். கரண்டி உள்ளே போனது, முகம் கோணியது, கஞ்சிக் கோப்பையை அவசரமாக இழுத்துக்கொண்டார்.

"த்தூ! இதுதான் அந்தக் கள்ளச் சரக்கு! இவள் போட்டது! மனிசன் திம்பானா இதை? பாத்தீங்களா எல்லாரும்?"

எல்லாரும் பார்த்தார்கள். ஸாஹிரா ராத்தா கதவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானா," என்றார் மாஸ்டர் மிகவும் மரியாதையாக, "நீங்க தாரா எண்டு செல்லிப் புகழ்ந்தது விஜயகலாட சம்பல். நீங்க துப்பினது இண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு உங்கட சொந்தச் சட்டியில இருந்து இறங்கினது."

முதலாளி கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பொய்!"

"நான்தான் ஊத்திக் குடுத்தேன் நானா," என்றாள் ஸாஹிரா ராத்தா. "நாங்க எல்லாரும் நோம்பு. நாக்கு நுனியில வெச்சுத் துப்பலாம் எண்டு பள்ளி ஹஸரத் செல்லித்தான் ஈக்கிறார். ஆனா எங்களுக்கு மனசு வரல்ல. எப்பவும் விஜயகலாதான், நோம்புல அவள் மட்டும்தான், தொட்டுப் பாத்து, 'இன்னும் கொஞ்சம் போடு, போதும்' எண்டு செல்லுவாள். இந்த வருசம் செல்ல ஆளில்ல. குறைஞ்சா நீங்க ஏசுவீங்க எண்டு பயந்து, ஒரு பிடி கூடவே போட்டோம். உப்பெண்டு திரும்பி வந்ததும் கள்ளச் சரக்கு எண்டு நீங்களே செல்லிட்டீங்க. நாங்களும் நம்பிட்டோம்."

சதீஸுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நோன்புக்கு முன் அடைத்த நல்ல போத்தல்கள் டவுனில் தூசி பிடித்துத் தூங்கின. நோன்பில் அடைத்தவை சூட்டோடு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. கள்ளன் என்று ஒருவன் இருக்கவே இல்லை. காலையிலிருந்து அவன் தின்றதெல்லாம் அசல் தாராவேதான்.

"செலவு வேற, சொத்து வேற நானா," என்றார் மாஸ்டர். "குடுத்துத் தீர்ந்து போறது செலவு. வெச்சிருந்தா வருசா வருசம் பயன் தாறது சொத்து. நோம்பு காலத்துல உங்கட குசினியில வேல செய்ற நாக்கு ஒண்டே ஒண்டுதான் இருந்திச்சு. அதைச் செலவு எண்டு வெட்டிட்டீங்க. உங்கட நன்மதிப்பும் அதோட தோட்டத்துக்கு ஏறிட்டுது."

"மாஸ்டர், அப்ப தேய்மானம் என்னோட நாக்குக்கு," என்று முணுமுணுத்தான் சதீஸ்.

முதலாளியின் கைப்பேசி அந்த நேரம் பார்த்து அடித்தது. தோட்டத்துத் தொரை. முதலாளி அதை மடியில் மறைக்கப் பார்த்தார். மாஸ்டர் கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"பாறூக் முதலாளி, கவுத ஹொரா?" கள்ளன் யாரென்று தொரை சிங்களத்தில் கேட்டார். காலையில் திறப்பை வாங்கட்டுமா என்றும் கேட்டார்.

வாசலில் நின்ற விஜயகலாவின் கை இடுப்புத் திறப்பை இறுக்கிப் பிடித்தது. எல்லாருடைய கண்ணும் முதலாளியின் மேல் இருந்தது. நோன்பு திறந்த வாயால் பொய் சொல்ல அவருக்கும் பயம் இருந்திருக்க வேண்டும்.

"மம தமய், மஹத்தயா," என்றார். நான்தான், ஐயா.

தொரைக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். முதலாளி அதையே இன்னும் சத்தமாக ஒரு தடவை சொல்ல வேண்டி வந்தது.

கைப்பேசியை வைத்ததும் முதலாளி எழுந்து வாசலுக்குப் போனார். "விஜயகலா, நாளைக்கே வேலைக்கு வா. பெருநாள் ஓடர் ஈக்கி. சம்பளம் கூட்டித் தாறேன்."

"நாளைக்கு எனக்கு என் அடுப்பு இருக்குங்க முதலாளி," என்றாள் அவள். "உப்புப் பாக்கணும்னா சட்டியத் தூக்கிக்கிட்டு மடுவத்துக்கு வாங்க. எனக்கு நேரம் இருந்தாத் தொட்டுப் பாத்துச் சொல்றேன்."

மறுநாள் வெயில் ஏறுமுன் சதீஸின் த்ரீவீல் மேல் டிவிஷனுக்குப் போனது. பின்சீட்டில், மடியில் சட்டியோடு, தாரா மார்க்கின் உரிமையாளர். மடுவத்தில் பெரியவர்கள் உட்கார இடம் இல்லை. பிள்ளைகளின் வாங்கில், யானைப் படத்துக்குக் கீழே, பாறூக் முதலாளி முழங்காலை மடக்கி உட்கார்ந்து காத்திருந்தார். விஜயகலா தன் சட்டியை இறக்கி, கையைக் கழுவி, துடைத்து, ஆற அமர வந்தாள். மூடியைத் திறந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முதலாளி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்நாள் பட்ட பயத்தில் குசினிக்காரர்கள் இந்தத் தடவை கையைச் சுருக்கியிருந்தார்கள்.

"உப்புப் பத்தாதுங்க முதலாளி," என்றாள் விஜயகலா. "கொண்டு போய்ப் போட்டுட்டு, திரும்பத் தூக்கிட்டு வாங்க."